பாஸ்போர்ட்டில் சர்நேம் இல்லை, சிம் தர மறுக்கிறார்கள், சிம் இல்லாமல் வங்கிக் கணக்கும் இல்லை: கியோட்டோவில் எங்கிருந்து தொடங்குவது?

கோவை_டு_கியோட்டோ:

வணக்கம். இரண்டு செமஸ்டருக்கு எக்ஸ்சேஞ்ச் மாணவனாகப் போன வாரம் கியோட்டோ வந்து சேர்ந்தேன். விடுதியில் அறை கிடைத்துவிட்டது, சாப்பாடு எப்படியோ ஓடுகிறது, வகுப்பு அக்டோபரில்தான். சிக்கல் என் பெயரில் வந்து நிற்கிறது.

என் பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலி. என் பெயரும் அப்பா பெயரும் சேர்ந்து கிவன் நேம் கட்டத்தில் இருக்கிறது, நம் ஊரில் நிறையப் பேருக்கு அப்படித்தானே. கன்சாய் விமான நிலையத்தில் கொடுத்த ரெசிடென்ஸ் கார்டிலும் அதை அப்படியே ஒரே வரியாக அச்சடித்துவிட்டார்கள். இங்கே ஆன்லைனில் சிம் வாங்கப் போனால் குடும்பப் பெயர், சொந்தப் பெயர் இரண்டு கட்டத்தையும் நிரப்பாமல் அடுத்த பக்கம் திறக்காது. அப்பா பெயரைக் குடும்பப் பெயர் கட்டத்தில் போட்டு அனுப்பினேன், கார்டுடன் பெயர் பொருந்தவில்லை என்று நிராகரித்துவிட்டார்கள். வங்கிக்குப் போனால் ஜப்பான் போன் நம்பர் எங்கே என்கிறார்கள். சிம் கம்பெனியோ மாதக் கட்டணத்துக்கு இங்கத்திய வங்கிக் கார்டு கேட்கிறது. அது இருந்தால் நான் ஏன் வங்கி வாசலில் நிற்கப் போகிறேன்?

இதற்கு நடுவே ஜாஸ்ஸோ (ஜப்பான் மாணவர் சேவை அமைப்பு) உதவித்தொகை மாதம் 80,000 யென் வர வேண்டும், அதைப் போடுவதற்குக் கணக்கு எண் கொடு என்று பல்கலைக்கழக அலுவலகம் கெடு வைத்திருக்கிறது. கையில் இருப்பது டேட்டா மட்டும் உள்ள சிம். வெள்ளிக்கிழமை என் ட்யூட்டர் (ஜப்பானிய மாணவர், பல்கலைக்கழகமே ஏற்பாடு செய்தது) வார்டு அலுவலகத்துக்குக் கூட்டிப் போவதாகச் சொல்லியிருக்கிறார். அதற்குள் சிம், வங்கி இரண்டில் ஒன்றையாவது முடிக்க வழி உண்டா? ஜப்பானிய எழுத்துகளில் ஹிராகனா, கடகனா படிப்பேன். சீனத்திலிருந்து வந்த கான்ஜி எழுத்து கொஞ்சம்தான்.

ஓசாகா_மாமி:

தம்பி, வெள்ளிக்கிழமை வரை ஒன்றும் நடக்காது, வீணாக அலையாதீர்கள். கார்டைத் திருப்பிப் பாருங்கள், முகவரி எழுதும் இடம் வெறுமையாக இருக்கும். குயாகுஷோவில் (வார்டு அலுவலகத்தை எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள்) முகவரியைப் பதிந்து அது கார்டின் பின்பக்கத்தில் ஏறும்வரை சிம்காரர்களும் வங்கிக்காரர்களும் உங்களுக்கு முகவரி இல்லை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். தங்கும் இடம் முடிவான 14 நாளுக்குள் பதிய வேண்டும் என்பது சட்டம், அதனால் ட்யூட்டர் அடுத்த வாரம் போகலாமா என்று கேட்டாலும் விடாதீர்கள். பாஸ்போர்ட், ரெசிடென்ஸ் கார்டு, மாணவர் அட்டை, விடுதி முகவரி ஜப்பானிய எழுத்தில் அறை எண்ணோடு இருக்கும் தாள், இவ்வளவு போதும்.

வரிசை இதுதான்: முதலில் குயாகுஷோ, அடுத்து குரல் சிம், அதற்கு அடுத்து வங்கி. இதை மாற்றிச் செய்யப் போனால் நீங்கள் சொன்ன மாதிரி ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டுவார்கள்.

அப்புறம் பெயர். குயாகுஷோ படிவத்தில் பெயரின் உச்சரிப்பைக் கடகனாவில் எழுதச் சொல்வார்கள். நீங்கள் யோசித்துக்கொண்டு நின்றால் கவுண்டரில் இருப்பவர் தன் காதில் விழுந்ததை எழுதிவிடுவார், அது வாழ்நாள் முழுக்க ஒட்டிக்கொள்ளும். செந்தில்குமார் என்று ஒரு பெயர் இருக்கிறது என்று வையுங்கள். அதில் ‘மா’வுக்குப் பிறகு நெடில் கோடு போட்டால் ஒரு ஆள், போடாவிட்டால் வேறு ஆள், கணினிக்கு அவ்வளவுதான் தெரியும். இரண்டு சொல்லுக்கும் நடுவில் இடைவெளி விடுவதும் விடாததும்கூட அப்படித்தான். அதனால் இன்று இரவே ட்யூட்டரோடு உட்கார்ந்து ஒரு எழுத்துமுறையை முடிவு செய்து, தாளில் எழுதி, போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வங்கி, சிம், காப்பீடு, பல்கலைக்கழகப் படிவம், நாளைக்குப் பகுதிநேர வேலை என்று எங்கே போனாலும் அந்தப் படத்தைப் பார்த்தே எழுதுங்கள்.

சிம்மை ஆன்லைனில் வாங்க வேண்டாம். கியோட்டோ ஸ்டேஷன் பக்கத்தில் யோடோபாஷி என்ற பெரிய எலெக்ட்ரானிக்ஸ் கடை இருக்கிறது, அங்கே பல கம்பெனிகளின் கவுண்டர்கள் வரிசையாக இருக்கும். நேரில் போனால் ஒரு மனிதர் கார்டைப் பார்த்து அவரே தட்டச்சு செய்வார், பெயர் பிரச்சினை பாதி தீர்ந்துவிடும். வெளிநாட்டு மாணவர்களை நம்பியே சிம் விற்கும் நிறுவனங்களும் உண்டு, மாதக் கட்டணத்தைக் கொன்பினி என்கிற சின்ன பலசரக்குக் கடைகளில் ரொக்கமாகக் கட்டலாம். ஒப்பந்தக் காலம் உண்டா, நடுவில் நிறுத்தினால் அபராதம் உண்டா என்று மட்டும் கேளுங்கள். நீங்கள் ஒரு வருடத்தில் கிளம்புகிற ஆள்.

நகோயா_டிபன்பாக்ஸ்:

மாமி சொன்னது எல்லாம் சரி, ஆனால் ஆன்லைன் சிம் வேண்டவே வேண்டாம் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், கடைக் கவுண்டரில் விலை கூடுதலான பிளானைத் தலையில் கட்டிவிடுவார்கள். உங்கள் விண்ணப்பம் அடிபட்டதற்குக் காரணம் பெயரைப் பிரித்ததல்ல, வரிசை மாறியது. இங்கத்திய படிவங்களில் முதல் கட்டம் குடும்பப் பெயர். நீங்கள் அப்பா பெயரை அங்கே போட்டதும் கார்டில் இரண்டாவதாக இருக்கும் சொல் முன்னால் வந்துவிட்டது. கார்டில் முதலில் இருக்கும் சொல்லை முதல் கட்டத்திலும் அடுத்ததை இரண்டாம் கட்டத்திலும் போடுங்கள், இரண்டையும் சேர்த்துப் படித்தால் கார்டு மாதிரியே இருக்க வேண்டும். அர்த்தப்படி தப்புதான், உங்கள் பெயரே உங்களுக்குக் குடும்பப் பெயராகிவிடும், இருக்கட்டுமே. ஒரு நன்மை, எல்லோரும் மரியாதைக்கு ‘சான்’ சேர்த்து உங்கள் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். என்னை இங்கே ஆபீசில் எல்லோரும் அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், திரும்பிப் பார்க்கவே கொஞ்ச காலம் ஆனது.

யாழ்_சென்டாய்:

வெள்ளிக்கிழமை முகவரி பதிந்த கையோடு வெளியே வந்துவிடாதீர்கள், அதே கட்டிடத்தில் இன்னும் இரண்டு இடத்துக்குப் போக வேணும்.

ஒன்று தேசிய சுகாதாரக் காப்பீடு. மூன்று மாதத்துக்கு மேல் இருக்கிற மாணவர் எல்லோரும் சேர வேண்டும், ஊரில் எடுத்து வந்த பயணக் காப்பீடு இருக்கிறது என்று சொன்னாலும் விடமாட்டார்கள். சேர்ந்தால் மருத்துவச் செலவில் 30 சதவீதம்தான் உங்கள் பங்கு. போன வருடம் ஜப்பானில் வருமானம் இல்லை என்று ஒரு சின்னப் படிவம் எழுதிக் கொடுத்தால் மாதச் சந்தா நன்றாகக் குறையும். இந்தப் படிவம் சில நேரம் தபாலிலும் வரும், வந்தால் நிரப்பித் திருப்பி அனுப்பிவிடுங்கள், அனுப்பாவிட்டால் உங்கள் வருமானம் தெரியாது என்று குறைக்காமல் போட்டுவிடுவார்கள். பழைய ஆட்கள் காகிதக் காப்பீட்டு அட்டை தருவார்கள் என்று சொல்லுவார்கள். 2024 டிசம்பர் 2 முதல் அந்த அட்டையைப் புதிதாகக் கொடுப்பதில்லை. மை நம்பர் கார்டு என்ற அரசு அடையாள அட்டை எடுக்கும்வரை அதற்குப் பதிலாக ஷிகாகு காகுனின்ஷோ என்று ஒன்று தருவார்கள், ஆஸ்பத்திரிக்கு அதைக் கொண்டு போனால் சரி.

மற்றது பென்ஷன். உங்களுக்கு 20 வயது ஆகியிருந்தால் நீங்களும் தேசிய பென்ஷனில் ஒரு அங்கத்தவர், மாணவர் என்பதெல்லாம் கணக்கில்லை. 2025 நிதியாண்டில் மாதம் 17,510 யென். 80,000 வாங்குகிற மாணவன் இதைக் கட்டினால் பட்டினிதான். அதனால் பென்ஷன் கவுண்டரில் மாணவர் அட்டையைக் காட்டி, கட்ட முடியாது, விலக்கு வேணும் என்று அன்றைக்கே எழுதிக் கொடுங்கள். பட்டப்படிப்பு மாணவருக்கு ஒரு படிவம், எக்ஸ்சேஞ்ச் போன்ற தற்காலிக மாணவருக்கு வேறு படிவமாக இருக்கலாம், எது என்று அவர்களே பார்த்துத் தருவார்கள். இதைச் செய்யாமல் விட்டால் பிறகு ஒருநாள் கட்டுக்கட்டாகப் பணம் கட்டும் சீட்டுகள் தடித்த உறையில் வரும், முழுக்கக் கான்ஜி, பலர் விளம்பரம் என்று நினைத்து மூலையில் போட்டுவிடுவார்கள். தபால்பெட்டியில் என்ன வந்தாலும் மொழிபெயர்ப்பு ஆப்பில் ஒருதரம் காட்டிப் பாருங்கள்.

கோவை_டு_கியோட்டோ:

எல்லோருக்கும் நன்றி. வெள்ளிக்கிழமை மூன்று கவுண்டரும் முடிந்தது, ட்யூட்டருக்குக்கூடப் பென்ஷன் விலக்கு பற்றித் தெரியாது, யாழ்_சென்டாய் எழுதியதைத்தான் அவரிடம் காட்டினேன். நகோயா அண்ணா சொன்ன வரிசையில் ஆன்லைனிலேயே சிம் கிடைத்தது, கட்டணத்துக்கு இந்தியக் கிரெடிட் கார்டை ஏற்கிற கம்பெனியாகப் பார்த்து எடுத்தேன். அந்த நம்பரை வைத்து யூச்சோவில் (தபால் நிலையத்தில் இயங்கும் வங்கி) கணக்கும் தொடங்கியாயிற்று, மாணவர் அட்டையையும் கேட்டார்கள்.

இப்போது புதுச் சிக்கல். உதவித்தொகைப் படிவத்தில் கிளைப் பெயர், கிளை எண் மூன்று இலக்கம், கணக்கு எண் ஏழு இலக்கம் என்று கேட்கிறார்கள். என் பாஸ்புக்கில் ஐந்து இலக்கத்தில் ஒன்றும் எட்டு இலக்கத்தில் ஒன்றும்தான் பெரிதாக இருக்கிறது. கிளைப் பெயர் என்று நான் போய் வந்த தபால் நிலையத்தின் பெயரை எழுதினேன், அலுவலகத்தில் இது இல்லை என்று திருப்பிக் கொடுத்தார்கள்.

ஓசாகா_மாமி:

யூச்சோவில் எல்லோரும் முட்டிக்கொள்ளும் இடம் இது. பெரிதாக அச்சாகியிருக்கும் இரண்டு எண்களும் யூச்சோவுக்குள்ளேயே பணம் அனுப்பத்தான். வேறு வங்கியிலிருந்து பணம் வர வேண்டுமானால் வேறு எண். பாஸ்புக்கின் அதே பக்கத்தில் கீழே பாருங்கள், பெரும்பாலும் சின்ன எழுத்தில் அச்சாகியிருக்கும், கிளைப் பெயர் என்ற இடத்தில் மூன்று கான்ஜி எண்கள் இருக்கும். ஆமாம், கிளையின் பெயரே ஒரு எண்தான். அச்சாகவில்லை என்றால் தபால் நிலையத்தில் கொடுத்தால் அச்சடித்துத் தருவார்கள்.

சரிபார்க்கக் கணக்கும் சொல்கிறேன், சாதாரண சேமிப்புக் கணக்குக்கு மட்டும். ஐந்து இலக்க எண் 14480 என்றால் அதில் இரண்டாவது, மூன்றாவது இலக்கத்தை எடுத்து, அதாவது 44, கடைசியில் 8 சேர்த்தால் 448, அதுதான் கிளை. எட்டு இலக்க எண்ணில் கடைசி 1-ஐ விட்டுவிட்டால் மீதி ஏழும் கணக்கு எண். கணக்குதாரர் பெயரை மட்டும் பாஸ்புக்கில் இருக்கிற கடகனாவை ஒரு புள்ளி மாறாமல் எழுதுங்கள்.

நகோயா_டிபன்பாக்ஸ்:

கூடுதலாக ஒன்று. இந்தியாவிலிருந்து வீட்டில் பணம் அனுப்புவார்கள் என்ற எண்ணம் இருந்தால், வந்து 6 மாதம் ஆகாத வெளிநாட்டவரை அந்நியச் செலாவணிச் சட்டப்படி இங்கே வசிப்பவராகக் கணக்கில் எடுக்க மாட்டார்கள், அதுவரை சில பணப் பரிமாற்றங்களுக்குக் கட்டுப்பாடு இருக்கும். கணக்கு இருக்கிறதே என்று நம்பிக்கொண்டு இருக்காமல் முதல் செமஸ்டர் செலவுக்கு வேறு வழியும் வைத்துக்கொள்ளுங்கள். சைக்கிள் வாங்கினால் கடையிலேயே போஹான் தோரோகு என்ற திருட்டுத் தடுப்புப் பதிவைச் செய்துவிடுங்கள், கியோட்டோவில் சைக்கிள் காப்பீடும் கட்டாயம். சீனியர் யாராவது பழைய சைக்கிளைக் கொடுத்தால் பதிவை உங்கள் பெயருக்கு மாற்றாமல் ஓட்டாதீர்கள், போலீஸ் நிறுத்தி எண்ணைச் சரிபார்ப்பது இங்கே சாதாரணம்.

நெல்லை_ஏப்ரல்:

இழையில் குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் ஏப்ரலில் ஃபுகுவோகா போகிறேன், இதே போல எக்ஸ்சேஞ்ச்தான். விமான நிலையத்திலேயே செய்து முடிக்கக்கூடியது ஏதாவது உண்டா? அம்மா மிக்ஸி, கறிவேப்பிலை, ஆறு மாதத்துக்கு மாத்திரை எல்லாம் கட்டி வைத்திருக்கிறார்கள்.

யாழ்_சென்டாய்:

விமான நிலையத்தில் பகுதிநேர வேலைக்கான அனுமதிப் படிவத்தைக் கொடுத்துவிடுங்கள், இலவசம், கார்டின் பின்பக்கத்தில் அங்கேயே முத்திரை விழும். வேலை செய்வீர்களோ இல்லையோ, வாங்கி வையுங்கள், பிறகு கேட்டால் குடிவரவு அலுவலகத்துக்கு அலைய வேணும். வாரம் 28 மணி நேரம்தான் உச்சவரம்பு. பல்கலைக்கழகம் அறிவித்த நீண்ட விடுமுறையில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரை. இரண்டு கடையில் வேலை செய்தால் இரண்டும் சேர்த்துத்தான் 28.

ஓசாகா_மாமி:

அம்மாவிடம் மிக்ஸியை வெளியே எடுக்கச் சொல்லுங்கள். இங்கே மின்சாரம் 100 வோல்ட், நம் ஊர் மிக்ஸி முனகும், அரைக்காது. அதற்கு மின்மாற்றி வாங்கினால் மிக்ஸியை விடக் கனம். பச்சைக் கறிவேப்பிலையையும் எடுத்துவிடுங்கள், தாவரப் பரிசோதனைச் சான்றிதழ் இல்லாமல் விமான நிலையத்தில் பிடுங்கிவிடுவார்கள். இறைச்சி சேர்ந்த மசாலா, ஊறுகாய் எதுவும் கூடாது. மருந்து விஷயத்தில் விளையாடாதீர்கள். முன் அனுமதி இல்லாமல் டாக்டர் சீட்டு மருந்து ஒரு மாதத்துக்கு, கடை மருந்து இரண்டு மாதத்துக்கு, அவ்வளவுதான். அதற்கு மேல் வேண்டுமானால் கிளம்பும் முன்பே யுன்யூ காகுனின்ஷோ என்ற மருந்து இறக்குமதிச் சான்றுக்கு விண்ணப்பிக்க வேண்டும். சூடோஎஃபெட்ரின் என்ற மருந்துப் பொருள் 10 சதவீதத்துக்கு மேல் உள்ள சளி மாத்திரையை முன் அனுமதி இல்லாமல் கொண்டுவரவே கூடாது, டாக்டர் சீட்டு காட்டினாலும் சரி.

பருப்பு, மசாலா, பாஸ்மதி அரிசி எல்லாம் க்யோமு சூப்பர் என்ற கடைகளில் கிடைக்கும், தயிருக்கு இனிப்பில்லாத ப்ளெய்ன் யோகர்ட். சாம்பார்ப் பொடி, காய்ந்த மிளகாய், புளி, பெருங்காயம் இதற்குப் பெட்டியில் இடம் ஒதுக்குங்கள். ரைஸ் குக்கரும் வேண்டாம், ஊருக்குத் திரும்புகிற மாணவர்கள் பிப்ரவரி, மார்ச்சில் சும்மாவே கொடுத்துவிட்டுப் போவார்கள். நீங்கள் போகும் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் குழுவில் இப்போதே கேட்டு வையுங்கள்.