போஸ்ட்டாக் (பிஎச்டிக்குப் பிந்தைய ஆய்வு வேலை) கிடைத்தது எப்படி? உங்கள் அனுபவத்தைப் போடுங்கள்

நான் முதலில் போடுகிறேன். துறை: பொருளறிவியல், முழுக்க கம்ப்யூட்டேஷன்.

யூராக்செஸ், நேச்சர் கரியர்ஸ் என்று எல்லா ஆய்வு வேலைத் தளங்களிலும் அலர்ட் போட்டு வைத்திருந்தேன், ஆனால் வேலை வந்தது நானாக எழுதிய ஒரு மெயிலில். விளம்பரங்களில் சிலது ஏற்கெனவே ஆளை முடிவு செய்துவிட்டு விதிக்காகப் போடுவது. கடைசித் தேதிக்குச் சில நாள்தான் இருக்கும், கேட்கும் தகுதியெல்லாம் யாரோ ஒருவருடைய ஆய்வேட்டுத் தலைப்பு மாதிரியே இருக்கும், கொஞ்ச நாளில் வாசனை பிடிபட்டுவிடும்.

மெயிலில் 'தங்கள் ஆய்வில் எனக்கு மிகுந்த ஆர்வம்' என்று தொடங்கினால் அடுத்த வரிக்கு யாரும் போவதில்லை. நான் எழுதியது ஒரு லேபின் திட எலக்ட்ரோலைட் (பேட்டரிக்குள் அயனியைக் கடத்தும் திடப்பொருள்) கட்டுரையில் இருந்த ஒரே ஒரு படத்தைப் பற்றி. அறை வெப்பநிலையில் லித்தியம் அயனி இடம் மாறுவது அபூர்வம், சிமுலேஷன் ஓடும் நேரத்துக்குள் போதுமான தாவல்கள் நடக்காது, அதனால் அந்தப் புள்ளியில் மட்டும் பிழைப்பட்டை நீண்டு கிடந்தது. பிஎச்டியில் நான் பழக்கிய இயந்திரக் கற்றல் பொடென்ஷியலை (அணுக்களுக்கு இடையேயான விசையை வேகமாகக் கணிக்கும் மாடல்) வைத்தால் இதைவிட வெகுநேரம் ஓட்டலாம் என்று ரெண்டு வரி, கூடவே சிவி, அவ்வளவுதான். மறுநாளே 'பேசலாமா' என்று பதில்.

———

உயிரியல் பக்கத்திலிருந்து ஒன்று. லேப் பிடிப்பதற்கு முன்னால் ஃபெல்லோஷிப் கெடுவைப் பாருங்கள். எம்போவுக்கு (ஐரோப்பிய உயிரியல் ஃபெல்லோஷிப்) பிஎச்டி முடித்து 2 வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும், ஜெர்மனியின் ஹம்போல்ட் போஸ்ட்டாக் என்றால் 4 வருடம். ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரியில் வேறு மாதிரி: கடைசித் தேதிக்கு முந்தைய 36 மாதத்தில் போகப்போகிற நாட்டில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருக்கக் கூடாது. 'முதலில் வந்து சேர், ஃபெல்லோஷிப்புக்கு அப்புறம் போடலாம்' என்று ஒரு பேராசிரியர் சொன்னதை நம்பிப் போன என் தோழிக்கு, போட உட்காரும்போது அந்த 12 மாதம் தாண்டிவிட்டது. அந்தப் பேராசிரியருக்கு இந்த விதி தெரியவே தெரியாதாம்!

———

முதலில் எழுதியவருக்கு: மெயில் விஷயம் சரி, ஆனால் பதில் வந்த சந்தோஷத்தில் சேர்ந்துவிடாதீர்கள். எனக்கு நேர்காணல் பிரமாதமாகப் போனது. அப்புறம் லேபின் பழைய பக்கங்களைத் தேடி, அங்கிருந்து போன ஒருவருக்கு எழுதினேன். எழுத்தில் எதுவும் சொல்ல மாட்டேன், போனில் பேசலாம் என்றார், அதிலேயே பாதி புரிந்துவிட்டது. போனில் அவர் சொன்னது ஒன்றே ஒன்று, கிராண்ட் (சம்பளம் வரும் ஆய்வு நிதி) எப்போது முடிகிறது என்று கேள். கேட்டேன். ஏழு மாதம் இருக்கிறது, புதுப்பிக்க எழுதியிருக்கிறோம், வந்துவிடும் என்றார் பேராசிரியர். ஒப்பந்தத்தில் 'ஓராண்டு, நிதியைப் பொறுத்து' என்று போட்டிருந்தது அதற்குத்தான். நான் வேறு லேபுக்குப் போய்விட்டேன், அந்த இடத்துக்கான விளம்பரம் இன்னும் அப்படியே இருக்கிறது.