நியூசிலாந்தின் மில்ஃபோர்ட் சவுண்ட்: லீவு பேச்சு

அண்ணன்: செப்டம்பர் கடைசி ஸ்கூல் லீவில் மில்ஃபோர்ட் சவுண்ட் போகலாமா? ஆக்லாந்திலிருந்து குவீன்ஸ்டவுனுக்கு ஃபிளைட். நாலு ராத்திரியும் அங்கேயே ரூம். ஒரு நாள் காரில் அந்த ஃபியோர்டுக்கு, அதாவது மலைகளுக்கு நடுவே கடல் நுழைந்திருக்கிற இடத்துக்கு, போய்த் திரும்பிவிட்டால் வேலை முடிந்தது.

அண்ணி: முடிந்ததாமே! ஒரு வழி மட்டுமே 290 கி.மீ. வண்டி ஓட்டப் போவது யார், நானா?

சித்தப்பா: மேப்பில் பக்கத்தில்தானே தெரிகிறது?

நான்: நடுவில் மலை, சித்தப்பா. நேர் ரோடு கிடையாது. கிங்ஸ்டன், மாஸ்பர்ன் என்று தெற்கே இறங்கி, டே அனாவ் வழியாகச் சுற்றி ஏற வேண்டும். நிறுத்தாமல் போனாலே நாலு மணி நேரம். பேசாமல் டே அனாவில் இரண்டு ராத்திரி தங்கலாம். அங்கிருந்து 120 கி.மீ.தான்.

சித்தப்பா: அந்த ஊரில் என்ன இருக்கிறது?

நான்: தென் தீவின் மிகப் பெரிய ஏரி. படகில் அக்கரை போனால் இருட்டில் மின்னும் புழுக்கள் இருக்கிற குகை. அப்புறம், பெட்ரோல். அங்கேயே டேங்கை நிரப்பிவிட வேண்டும். அதைத் தாண்டினால் வழியில் பங்க் இல்லை, போனில் சிக்னலும் போய்விடும்.

அம்மா: மழை பெய்தால் எல்லாம் வீண்தானே?

அண்ணி: அத்தை, அங்கே வருஷத்துக்கு ஆறு மீட்டருக்கு மேல் மழை. அதுவும் நல்லதற்குத்தான். வெயில் நாளில் போவன், ஸ்டர்லிங் என்று இரண்டு பெரிய அருவிதான் நிச்சயம். மழை கொட்டினால் பாறைச் சுவர் முழுக்க நூற்றுக்கணக்கில் இறங்கும், மழை விட்டதும் கொஞ்ச நேரத்தில் வற்றிவிடும். ஸ்டர்லிங்குக்கு அடியிலேயே படகைக் கொண்டுபோவார்கள். ரெயின்கோட் போட்டாலும் முகம் நனையும்.

அம்மா: சரி, என் குரங்குக் குல்லாவை எடுத்து வை.

சித்தப்பா: செப்டம்பரில் பனிச்சரிவு இருக்குமே?

அண்ணன்: இருக்கும். பனியில் வழுக்காமல் இருக்க டயரில் மாட்டும் செயினை வாடகைக் காரோடு கேட்டு வாங்கிக்கொள்கிறேன். வழியில் இருக்கும் ஹோமர் டனல் பக்கம் அபாயம் என்றால் ரோட்டையே மூடிவிடுவார்கள். 1935இல் தோண்ட ஆரம்பித்து 1954இல் திறந்த டனல், 1.2 கி.மீ. உள்ளே போனதும் ரோடு சடாரென்று கீழே சரியும். குழந்தைகளுக்குப் பிடிக்கும்.

நான்: அதனால்தான் இரண்டு ராத்திரி என்கிறேன். ஒரு நாள் மூடினாலும் மறுநாள் பார்க்கலாம். குவீன்ஸ்டவுனிலிருந்து போனால் அந்த நாள் போனது போனதுதான்.

அண்ணி: டனல் வாசலில் கியா கிளிகள் நிற்கும். தீனி போடக் கூடாது என்று பசங்களிடம் இப்போதே சொல்லிவையுங்கள். அதுகள் காரின் ரப்பரையே பிய்த்துவிடும். கொசுவை விட மோசமான சாண்ட்ஃபிளை வேறு. படகுத்துறையில் கடித்தால் நாள்கணக்கில் அரிக்கும்.

அண்ணன்: சரி, குவீன்ஸ்டவுன் இரண்டு, டே அனாவ் இரண்டு. படகு எத்தனை மணிக்கு?

நான்: பத்து மணி வாக்கில். குவீன்ஸ்டவுன் பஸ்கள் மதியம்தான் வந்து குவியும். அதற்குள் நாம் கரையேறிவிடலாம்.

அண்ணன்: கான்சல் செய்யக்கூடிய டிக்கெட்டாகப் பார்த்து இன்று ராத்திரி போட்டுவிடுகிறேன். சித்தப்பா, நீங்களும் உண்டா?

சித்தப்பா: முன் சீட் எனக்கு என்றால் வருகிறேன்.