எதிர் ஹேங்கர்ல ஓகே, என் செரோக்கியில மட்டும் கூடாதா?

செரோக்கிக்காரன் (ஓஹையோ):
போன மாசம் என் சின்ன பிளேன் பைப்பர் செரோக்கியில மேகத்துக்குள்ள நாலாயிரம் அடியில போயிட்டிருந்தேன். செயற்கை அடிவானம் காட்டுற கைரோ மெள்ள இடப்பக்கம் சாஞ்சுது. அதை நம்பி வலப்பக்கம் திருத்தினேன். அது இன்னும் இடப்பக்கம் சாஞ்சிருக்கேங்குது, பக்கத்துல இருக்கிற, பிளேன் திரும்புறதைக் காட்டுற டர்ன் கோஆர்டினேட்டர் வலப்பக்கம் திரும்பிட்டிருக்கேங்குது. ரெண்டுல ஒண்ணு பொய். ஓரத்துல இருக்கிற வேக்குவம் கேஜைப் பார்த்தா முள் பூஜ்யத்துல படுத்திருக்கு. கைரோவைச் சுத்த வைக்கிற வேக்குவம் பம்ப் காலி. பாக்கெட்ல இருந்த பார்க்கிங் சீட்டை கைரோ கண்ணாடி மேல சொருகி மறைச்சுட்டு, மிச்சக் கருவிகளை வெச்சு இறங்கினேன். கை நடுக்கம் நிக்க ரெண்டு காபி ஆச்சு.

என் எதிர் ஹேங்கர்காரர் தன் கராஜ்லயே கட்டின ஆர்வி-7 வெச்சிருக்கார். எக்ஸ்பெரிமென்டல் பிரிவு, அதாவது கம்பெனி விமானத்துக்கான முழுச் சான்று இல்லாம பறக்கிற பிரிவு. அவர் பேனல்ல இருக்கிற டிஜிட்டல் ஆட்டோபைலட்ல ஒரு பட்டனை அமுக்கினா பிளேன் தானா மட்டமாயிடும். அதே பெட்டியை என் 1968 செரோக்கி 140-ல மாட்ட எனக்கு உரிமை இல்ல. அதுக்கு எஸ்டிசி வேணும், அதாவது ஏற்கெனவே சான்று வாங்கின விமானத்துல மாற்றம் பண்ண அமெரிக்க விமானத் துறை ஆபீசான எஃப்ஏஏ தர்ற துணைச் சான்று. அந்தக் கம்பெனியோட பட்டியல்ல என் மாடலுக்கு நேரா "விரைவில்"னு இருக்கு. நாலு வருஷமா இருக்கு. கம்பெனி பேர் வேண்டாம்.

அமெரிக்க காங்கிரஸ் 2013 நவம்பர்ல சட்டமே போட்டுச்சு: சின்ன விமானத்துக்கான பார்ட் 23 விதிகளை எளிமையாக்கு, 2015 டிசம்பர் 15-க்குள்ள முடி. இறுதி விதி வந்தது 2016 டிசம்பர். அமலுக்கு வந்தது 2017 ஆகஸ்ட் 30. சட்டம் சொன்ன கெடுவையே தாண்டுற ஆபீஸ் பாதுகாப்பு பத்தி எனக்குப் பாடம் எடுக்குது!

சோதனைமேசை (பெங்களூரு):
பத்திரமாக இறங்கியதில் சந்தோஷம் சார். ஆனால் நான் மறுபக்கத்து ஆள். விமான மின்னணுக் கருவிகள் (ஏவியானிக்ஸ்) செய்யும் வெளிநாட்டுக் கம்பெனிகளுக்காக மென்பொருளைச் சரிபார்ப்பதுதான் என் பிழைப்பு.

ஆர்வி-7-க்கும் செரோக்கிக்கும் பெட்டி ஒன்றுதான், ஒப்பந்தம் வேறு. எக்ஸ்பெரிமென்டல் விமானத்தில் பயணி கண்ணில் படுகிற மாதிரி எச்சரிக்கைப் பலகை ஒட்டியிருக்கும். ஏறுகிறவர் தெரிந்து ஏறுகிறார். உங்கள் செரோக்கியில் ஏறும் பக்கத்து வீட்டுப் பையனுக்கு அப்படி ஒரு பலகை கிடையாது.

இன்னொன்று, நீங்கள் கேட்பது ஆட்டோபைலட். அது வெறும் திரை இல்லை, ஸ்டியரிங்கைப் பிடித்து இழுக்கிற மோட்டார். பழுதாகி முழு பலத்தோடு ஒரு பக்கம் இழுத்தால், பைலட் அதை உணர்ந்த பிறகும் மூன்று நொடி கையைக் கட்டிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று பறந்தே காட்ட வேண்டும். சர்வோ என்கிற அந்த மோட்டார் எங்கே உட்காருகிறது, கேபிள் எவ்வளவு இறுக்கம் என்பதெல்லாம் மாடலுக்கு மாடல் மாறும். செஸ்னா 172-ல் பறந்து காட்டியது செரோக்கிக்குச் செல்லாது.

ஸ்பேனர்மணி (டெக்சாஸ்):
தம்பி, ஒரே கேள்வி. அந்த வேக்குவம் பம்ப் எத்தனை மணி நேரம் ஓடுனது?

செரோக்கிக்காரன்:
லாக்புக்படி ஆயிரத்து நூறுக்குப் பக்கம், மணி அண்ணே.

ஸ்பேனர்மணி:
ஐநூறைத் தாண்டுனாலே நான் கழட்டிப் போடச் சொல்லுவேன். உள்ள கார்பன் பட்டைதான் சுத்துது, தேஞ்சு தேஞ்சு ஒருநாள் பொடியாப் போயிரும். முன்னாடியே முனகாது, சத்தமே இல்லாம சாகும். இதுக்கு எஃப்ஏஏ என்ன பண்ணும்?

அப்புறம், வேக்குவம் கைரோவை எடுத்துட்டு எலக்ட்ரானிக் அடிவானம் போடுறதை சின்ன மாற்றமா எடுத்துக்கலாம்னு 2015-லயே கொள்கை அறிக்கை விட்டாச்சு. 2016 ஏப்ரல்ல சொந்தமா பிளேன் கட்டுறவங்களோட இஏஏ சங்கம் தானே எஸ்டிசி வாங்கி, எக்ஸ்பெரிமென்டல்காரங்க வெச்சிருந்த டைனான் டி10ஏங்கிற எலக்ட்ரானிக் அடிவானப் பெட்டியைப் பழைய செஸ்னா, பைப்பர்ல மாட்ட வழி பண்ணுச்சு. அதே வருஷம் ஜூலையில அதே மாதிரி கார்மின் ஜி5 பெட்டியும் சான்று வாங்கின விமானங்களுக்கு வந்துச்சு. நானே பைப்பர்ல எத்தனையோ மாட்டியிருக்கேன். கதவு திறந்துதான் கெடந்துச்சு, நீங்கதான் உள்ள வரல.

செரோக்கிக்காரன்:
அண்ணே, மானத்தை வாங்கிட்டீங்க. உண்மையைச் சொல்லிடறேன். பேனலை ஒரே தடவை வெட்டலாம், திரையும் ஆட்டோபைலட்டும் ஒரே கம்பெனியில எடுத்தா ஒண்ணோட ஒண்ணு பேசும், கூலியும் ஒரு தடவையோட போகும்னு காத்திருந்தேன். "விரைவில்"னு போட்டிருந்ததை நம்பினேன். இல்லவே இல்லைன்னு சொல்லியிருந்தா அன்னைக்கே வேற வாங்கியிருப்பேன்.

என் வழக்கே அதுதான். தாமதம்னா புதுப் பெட்டி லேட்டா வர்றது மட்டுமில்ல. என்னை மாதிரி ஆளுங்க பழைய பெட்டியோட உட்கார்ந்திருக்கிறதும் சேர்த்துத்தான். பழைய பெட்டி பாதுகாப்பானதா? மிசௌரி கவர்னர் மெல் கார்னஹன் 2000 அக்டோபர்ல செஸ்னா 335-ல மேகத்துக்குள்ள போனார், மகன்தான் ஓட்டினார். முதன்மை அடிவானக் கருவி பழுது, மோசமான வானிலை, பைலட்டுக்கு மேல் கீழ் தெரியாம போச்சு. மூணு பேரும் செத்தாங்க. அந்தக் கருவியும் சான்று வாங்கினதுதான்.

புதுச்சிறகு:
குறுக்கிடுறதுக்கு மன்னிக்கணும், இன்னும் தனியாப் பறக்காத மாணவன். போயிங் ஜெட்டுக்கும் இந்தச் சின்ன பிளேனுக்கும் ஒரே சோதனையா?

சோதனைமேசை:
இல்லை தம்பி. எஃப்ஏஏ-யைத் திட்டுகிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். பெரிய ஜெட்டில் உயிர்களைக் கொல்லும் பழுது நூறு கோடி மணி நேரத்தில் ஒரு முறைக்கு மேல் வரக்கூடாது. ஒற்றை பிஸ்டன் இன்ஜின் சின்ன விமானத்துக்கு அதே பழுதுக்குப் பத்து லட்சம் மணி நேரத்தில் ஒன்று போதும். மென்பொருள் சரிபார்ப்பும் ஜெட்டுக்கு மிகக் கடுமையான ஏ நிலை, இங்கே அதைவிடத் தளர்ந்த சி நிலை. காகிதச் சுமையில் அது மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

சோதனை வீண் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஒரு சின்ன விமானத் திரையை மேசையில் வைத்து மின்சாரச் சோதனை செய்தோம். வோல்டேஜ் ஒரு கணம் சரிந்து திரும்பி ஏற வேண்டும். திரை அணையவே இல்லை. எல்லோரும் டீக்குக் கிளம்பிவிட்டோம். டெக்னீஷியன் பையன் மட்டும் சென்சார் தட்டை விளையாட்டாகச் சாய்த்துப் பார்த்தான். படம் அசையவில்லை. திரை உயிரோடு, அடிவானம் உறைந்து, பழுது என்று சொல்லும் சிவப்புக் கோடும் இல்லை. உங்கள் கைரோவாவது சாய்ந்து காட்டிக்கொடுத்தது சார். இது கடைசி வரை நேராக நின்று சிரித்திருக்கும். அந்தப் பெட்டி அதற்கு முன்பே எக்ஸ்பெரிமென்டல் பிரிவில் விற்பனையில் இருந்தது.

செரோக்கிக்காரன்:
மேடம், படிச்சதும் வயித்தைக் கலக்குது. அந்தச் சோதனை வேணும், கண்டிப்பா வேணும். அது எத்தனை நாள் நடந்துச்சு?

சோதனைமேசை:
சோதனை நான்கு நாள். திருத்தம் இரண்டு வாரம். திருத்தம் வேறு எதையும் கெடுக்கவில்லை என்று நிரூபிக்க இரண்டரை மாதம். அதன் பிறகு காகிதம் மேசை மேசையாகப் போனதை நான் எண்ணவில்லை.

செரோக்கிக்காரன்:
நீங்க எண்ணாததைத்தான் நான் கேக்கறேன்! முதல் மூணுலயும் ஒரு நாளைக்கூடக் குறைக்க வேண்டாம். கடைசியில இருக்கிற வரிசை யாருக்காக? பெரிய கம்பெனின்னா ஓடிஏ அதிகாரம் இருக்கு, எஃப்ஏஏ சார்பா தன் ஆட்களே கையெழுத்துப் போடலாம். இருபது பேர் வேலை பார்க்கிற கம்பெனி அரசாங்க இன்ஜினியர் நிமிர்ந்து பார்க்கிற வரைக்கும் நிக்கணும். நடுவுல அரசாங்கமே கடையை மூடும்: 2018 டிசம்பர்ல ஆரம்பிச்சு 35 நாள், 2025-ல 43 நாள். சின்னவங்களுக்கும் கையெழுத்து அதிகாரத்தைப் பிரிச்சுக் குடுங்க.

சோதனைமேசை:
பிரித்துக் கொடுத்தால் என்ன ஆகும் என்று 737 மேக்ஸில் பார்த்தோமே? இரண்டு விபத்து, 346 உயிர். அதன் பிறகு 2020-ல் சட்டம் போட்டு அந்த அதிகாரத்தின் மேல் கண்காணிப்பை இறுக்கினார்கள். சின்ன கம்பெனி நேர்மையாக இருக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. விமானம் தன் இடத்தைத் தானே ஒலிபரப்பும் ஏடிஎஸ்-பி 2020-ல் கட்டாயமாவதற்கு முன் மலிவாகக் கிடைத்த ஒரு பெட்டிக்கு எதிராக 2017-ல் எஃப்ஏஏ கட்டாய உத்தரவே போட்டது. உள்ளே இருந்த ஜிபிஎஸ் அந்தத் தரத்துக்கு நிரூபிக்கப்படாதது; பெட்டியோ நான் உச்ச நம்பகம் என்று ஊருக்கெல்லாம் ஒலிபரப்பிக்கொண்டிருந்தது.

ஸ்பேனர்மணி:
அந்தப் பெட்டிக்கும் டிஎஸ்ஓ முத்திரை, அதான் எஃப்ஏஏ தரச் சான்று, இருந்துச்சே தாயி. காகிதம் வாங்கித்தானே ஏமாத்துனான்?

சோதனைமேசை:
பிடித்ததும் அதே ஆபீஸ்தான் அண்ணா.

ஸ்பேனர்மணி:
சரி, அது ஒரு பாயிண்டு. ஆனா ரெண்டு பேரும் பெட்டியையே பேசுறீங்க. என் கடைக்கு வர்ற கோளாறுல பாதி, முனையை அழுத்திப் பிடிக்கிற கிரிம்ப் சரியில்லாத வயர், பேனலுக்குப் பின்னாடி உரசிக்கிட்டு கிடக்குற வயர்க் கட்டு. எந்த எஸ்டிசியும் அதைப் பிடிக்காது.

இன்னொண்ணு. செஸ்னா 1986-லேர்ந்து பத்து வருஷம் ஒற்றை இன்ஜின் பிஸ்டன் பிளேன் செய்யவே இல்ல, வழக்குக்குப் பயந்து. அதனாலதான் இன்னைக்கு ஹேங்கர் முழுக்க தாத்தா பிளேனா நிக்குது. புது பார்ட் 23 நல்ல விதிதான், ஆனா பெரும்பலன் புதுசா டிசைன் பண்றவனுக்கு. தம்பியோட செரோக்கி அதுக்கும் பழைய சிஏஆர் 3ங்கிற விதித்தொகுப்புல பொறந்தது.

சோதனைமேசை:
சரி, நானும் ஓரிடத்தில் இறங்கி வருகிறேன். ஒரு மாடல் வரிசையில் எங்கே நிற்கிறது, யாருடைய பதிலுக்காக நிற்கிறது என்பதை வெளியே காட்டலாம். அதில் பாதுகாப்புக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் சார், அந்த "விரைவில்" என்ற வார்த்தையை எழுதியது எஃப்ஏஏ இல்லை. கம்பெனியின் விற்பனைப் பிரிவு.

செரோக்கிக்காரன்:
விற்பனைக்காரன் பொய் சொல்லியிருக்கலாம், ஒத்துக்கறேன். அவனுக்கே தேதி தெரியாத அளவுக்கு ஒரு ஏற்பாட்டை வெச்சிருக்கிறது யாரு? இதுல நாம ஒத்துப்போகப் போறதில்ல மேடம்.

மணி அண்ணே, ஜி5 ஆர்டர் போட்டாச்சு. பேனல் வெட்டும்போது ஆட்டோபைலட் சுவிட்சுக்கு ஒரு ஓட்டை விட்டு, மூடி போட்டு வெக்கலாமா?

ஸ்பேனர்மணி:
ஓட்டையை இப்ப வெட்டாதீங்க. அந்தக் கம்பெனி பெட்டி வர்றப்ப சுவிட்சு சைஸை மாத்தியிருப்பான்.