போஸ்ட்ஜிஐஎஸ் ரெப்ளிகேஷன் போட்ட பிறகு புதுக் கோடு சேருது, பழைய கோட்டைத் திருத்த விடுதில்லை: உதவி தேவை

உன்னிச்சை_வரைபடம் (மட்டக்களப்பு)

வணக்கம். மட்டக்களப்புக் கந்தோரில் பிரதான சேர்வர், கல்முனைக் கந்தோரில் அதன் பிரதி. இரண்டும் போஸ்ட்கிரெஸ் 16 தரவுத்தளம், வரைபடத் தரவுக்குப் போஸ்ட்ஜிஐஎஸ். லாஜிக்கல் ரெப்ளிகேஷன் (மாற்றங்களை வரி வரியாகப் பிரதிக்கு அனுப்பும் முறை): இங்கே அனுப்பும் பப்ளிகேஷன், அங்கே வாங்கும் சப்ஸ்கிரிப்ஷன். உன்னிச்சை, உறுகாமம் பக்கத்து வாய்க்கால், மடை, கண்டம் (வயல் தொகுதி) என்று மூன்று லேயர். திருத்துவது கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில். பெரும்போக விதைப்புக்கு முதல் வரைபடம் சரியாக வேணும்.

வாய்க்கால் லேயரில் புதுக் கோடு கீறினால் சேவ் ஆகுது, கல்முனைக்கும் போகுது. இருக்கிற கோட்டின் முனையை நகர்த்தினாலோ, வட்டவிதானை (நீர்ப்பங்கீட்டைப் பார்ப்பவர்) பெயரை மாற்றினாலோ சேவ் ஆகாது. அட்டவணைக்கு ரெப்ளிகா ஐடென்டிட்டி இல்லை, ஆனால் அப்டேட்களைப் பப்ளிஷ் பண்ணுகிறது, அதனால் திருத்த முடியாது என்று எரர் வருது. அழித்தாலும் அப்படித்தான்.

மடை லேயரில் பென்சில் பட்டன் மங்கிக் கிடக்குது. கண்டம் லேயர் கல்முனையில் வெறுமை, ஒரு பலகோணமும் இல்லை.

கல்முனைப் பிரதியில் மட்டும் வாய்க்காலைத் தடையில்லாமல் திருத்தலாம். இப்போதைக்கு அங்கேயே திருத்தச் சொல்லலாமா?

தரவுமேடை (அக்கரைப்பற்று)

கல்முனையில் திருத்துவதை இப்போதே நிறுத்தச் சொல்லுங்க தம்பி. உங்களிடம் இருக்கிற நாலு பிரச்சினையில் ஆபத்தானது அதுதான். மற்ற மூன்றும் தடுத்து நிற்கின்றன, இது தடுக்காமல் தரவைக் கெடுக்கும். அதைப் பற்றிப் பிறகு எழுதுறன்.

முதலில் வாய்க்கால். ஒரு வரி மாறினால் அல்லது அழிந்தால், எந்த வரி என்று பிரதிக்கு அடையாளம் சொல்ல வேணும். அந்த அடையாளம்தான் ரெப்ளிகா ஐடென்டிட்டி, வழமையாக அது பிரைமரி கீ, அதாவது ஒவ்வொரு வரிக்கும் வேறான, வெறுமையில்லாத சாவி. புது வரிக்குப் பழைய அடையாளம் தேவையில்லை, அதனால் அது போகுது. உங்கள் அட்டவணையில் பிரைமரி கீ இல்லை, இரட்டிப்பை மட்டும் தடுக்கிற யூனிக் இண்டெக்ஸ்தான் இருக்கும் என்று நினைக்கிறன். இரண்டும் இல்லாவிட்டால் கியூஜிஐஎஸ்ஸே பழைய வரிகளைத் திருத்த விடாது. யூனிக் இண்டெக்ஸ் இருந்தால் அதைச் சாவியாக எடுத்துத் திருத்த விடும், சேவ் பண்ணும்போது சேர்வர் மறுக்கும். பிஎஸ்க்யூஎல் கட்டளைத் திரையில் அட்டவணையின் விபரத்தை எடுத்துப் போடுங்க.

உன்னிச்சை_வரைபடம்

ஓம் நானா, எண் என்ற கொலத்தில் யூனிக் இண்டெக்ஸ் மட்டும்தான். பழைய அட்டவணையிலிருந்து ‘கிரியேட் டேபிள் ஆஸ் செலக்ட்’ போட்டு எடுத்தது.

தரவுமேடை

காரணம் அதுதான். அந்தக் கட்டளை வரிகளை மட்டும் கொண்டுவரும். பிரைமரி கீ, இண்டெக்ஸ், டிரிகர் எதுவும் வராது.

எண் கொலத்தில் வெறுமை உள்ள வரி இருக்கா என்று தேடிப் பாருங்க, இருந்தால் பிரைமரி கீ ஆக்க முடியாது. பிறகு ‘ஆல்டர் டேபிள் … அட் பிரைமரி கீ யூசிங் இண்டெக்ஸ்’ என்று இருக்கிற இண்டெக்ஸையே பிரைமரி கீ ஆக்கலாம். புதிதாகக் கட்டத் தேவையில்லை.

வரிசை முக்கியம்: கல்முனையில் முதலில், மட்டக்களப்பில் பிறகு. இங்கே மட்டும் போட்டால் முதல் அப்டேட் போய்ச் சேரும்போது அங்கே வரியைத் தேடச் சாவி இருக்காது. சப்ஸ்கிரிப்ஷனின் அப்ளை வேர்க்கர் (வரும் மாற்றங்களைப் பிரதியில் எழுதுவது) எரரோடு நின்றுவிடும்.

இந்தக் கட்டளை அட்டவணையை முழுதாகப் பூட்டும். கியூஜிஐஎஸ் ப்ராஜெக்டில் ட்ரான்ஸாக்ஷன் குரூப் (சேவ் வரை திருத்தங்களை சேர்வரில் ஒரே ட்ரான்ஸாக்ஷனாகத் திறந்து வைப்பது) போட்டிருந்தால், திருத்தலைத் திறந்து வைத்திருக்கிற ஒருவரே போதும், கட்டளை காத்துக் கிடக்கும். எல்லாரையும் சேவ் பண்ணிப் பென்சிலை நிறுத்தச் சொல்லிவிட்டுச் செய்யுங்க.

மடைக்கணக்கு (அம்பாறை)

இடையில் ஒரு விஷயம். இந்த எரரைத் தேடினால் ‘ரெப்ளிகா ஐடென்டிட்டி ஃபுல்’ போடச் சொல்லும் பதில்கள் வரும். ஒரு வரிக் கட்டளைதான், எரரும் போகும். ஆனால் வாய்க்கால் போன்ற நீளக் கோடுகளுக்கு அதைப் போட வேண்டாம். வட்டவிதானை பெயரில் ஒரு எழுத்தை மாற்றினாலும் பழைய வரி முழுதும், கோட்டின் அத்தனை புள்ளிகளோடும், வால் (டபிள்யூஏஎல்) என்ற மாற்றப் பதிவில் ஏறிக் கல்முனைக்குப் போகும். அங்கேயும் பொருத்தமான இண்டெக்ஸ் இல்லாவிட்டால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் அட்டவணை முழுவதையும் வாசித்துத்தான் வரியைக் கண்டுபிடிக்கும். ஜேசன் வகைக் கொலம் இருந்தால் ஒப்பிட முடியாமல் நின்றும் போகலாம். பிரைமரி கீ போட வழியே இல்லாத அட்டவணைக்கு மட்டும் அது.

கண்டம் லேயருக்கு: லாஜிக்கல் ரெப்ளிகேஷன் அட்டவணை அமைப்பைக் கொண்டுபோகாது, கல்முனையில் கையால் உருவாக்கியிருப்பீர்கள். பிஜி_சப்ஸ்கிரிப்ஷன்_ரெல் பட்டியலில் கண்டத்தின் நிலை ‘ஆர்’ (தயார்) என்று இருக்கா? கல்முனை சேர்வர் லொக்கில் என்ன எழுதியிருக்கு?

உன்னிச்சை_வரைபடம்

வாய்க்கால் சரி சேர், முனையை நகர்த்தினால் கல்முனையிலும் நகருது. கண்டத்தின் நிலை ‘டி’. லொக்கில் ஜியோமெட்ரியின் எஸ்ஆர்ஐடி 5235, கொலத்தின் எஸ்ஆர்ஐடி 5234, பொருந்தவில்லை என்று திரும்பத் திரும்ப வருது.

மடைக்கணக்கு

அப்போ தெளிவு. ‘டி’ என்றால் முதல் நகல் இன்னும் முடியவில்லை. எஸ்ஆர்ஐடி என்பது ஆள்கூற்று முறையின் எண்: 5235 என்பது எஸ்எல்டி99 என்ற புதிய இலங்கை கிரிட், 5234 பழைய கண்டவளை கிரிட். இரண்டுக்கும் தொடக்கப் புள்ளி பிதுருதலாகல. பழையதில் அந்தப் புள்ளிக்கு 200,000, 200,000 என்று பெயரளவு மதிப்பு, புதியதில் 500,000, 500,000. மட்டக்களப்பு நகரத்தின் கிழக்கு மதிப்பு எஸ்எல்டி99இல் 6 இலட்சம் அளவில் வரும், பழையதில் 3 இலட்சம் அளவில். எண்ணைப் பார்த்தே எது என்று சொல்லலாம். பிரதான தரவில் 6 இலட்சம் அளவில் வருதா என்று பார்த்துக்கொள்ளுங்க.

வந்தால், கல்முனை அட்டவணை வெறுமையாக இருப்பதால் ஜியோமெட்ரி கொலத்தின் வகையை 5235க்கு மாற்றினால் போதும். வேர்க்கர் தானாகவே திரும்ப முயற்சி பண்ணும், முதல் நகல் முடிந்ததும் நிலை ‘ஆர்’ ஆகும். தரவு உள்ள அட்டவணையில் இப்படிச் செய்ய வேண்டி வந்தால் எஸ்டி_டிரான்ஸ்ஃபோர்ம் போடுங்க, அது ஆள்கூறுகளையே மாற்றும். எஸ்டி_செட்எஸ்ஆர்ஐடி போட்டால் சிட்டையை மட்டும் மாற்றும். கண்டங்கள் தெற்கிலும் மேற்கிலும் 300 கிலோமீட்டர் தள்ளி, நாட்டுக்கு வெளியே போய் நிற்கும்.

வயல்வெளி_ஜிஐஎஸ் (களுவாஞ்சிக்குடி)

மடை லேயரின் பென்சிலுக்கு: ப்ராஜெக்ட் ப்ராபர்ட்டீஸ், டேட்டா சோர்ஸஸ் பக்கத்தில் மடைக்கு நேரே ‘ரீட்-ஒன்லி’ டிக் இருக்கா பாருங்க. அதற்கும் ரெப்ளிகேஷனுக்கும் சம்பந்தமில்லை, ப்ராஜெக்ட் கோப்பில் இருக்கிற அமைப்பு. அது இல்லையென்றால் உங்கள் ரோலுக்கு (தரவுத்தளப் பயனர் கணக்குக்கு) இன்ஸர்ட், அப்டேட், டிலீட் உரிமை இல்லை.

உன்னிச்சை_வரைபடம்

டிக் இருந்தது, எடுத்துவிட்டன். பென்சில் வேலை செய்யுது. பழைய மடையைத் திருத்தலாம். புது மடை வைத்தால் சீக்வென்ஸுக்கு அனுமதி இல்லை என்று வருது.

வயல்வெளி_ஜிஐஎஸ்

மடையின் எண் கொலம் சீரியல் வகை, அடுத்த எண்ணை சீக்வென்ஸ் என்ற எண்ணியிலிருந்து எடுக்கும். அட்டவணைக்கு உரிமை கொடுத்தவர் அதன் சீக்வென்ஸுக்குக் கொடுக்கவில்லை. திருத்தும் ரோலுக்கு அந்த சீக்வென்ஸில் ‘யூஸேஜ்’ கொடுங்க. இனி உருவாக்கும் அட்டவணைகளில் சீரியலுக்குப் பதில் ஐடென்டிட்டி கொலம் வையுங்க, அதற்குத் தனி அனுமதி தேவைப்படாது.

தரவுமேடை

இப்போ கல்முனை. சப்ஸ்கிரைபர் அட்டவணை சாதாரண அட்டவணைதான், யாரும் எழுதலாம். அங்கே ஒருவர் புதுக் கோடு வைத்து அதற்கு 4120 என்ற எண் விழுந்தால் அன்று ஒன்றும் தெரியாது. சீக்வென்ஸின் நிலை ரெப்ளிகேட் ஆகாது, இரண்டு கந்தோரும் தனித்தனியாக எண்ணும். மட்டக்களப்பில் 4120 வரும் நாளில் வேர்க்கர் இரட்டைச் சாவி எரரோடு நிற்கும். அதற்குப் பிறகு எந்தத் திருத்தமும் கல்முனைக்குப் போகாது. போகாதவை மட்டக்களப்பு டிஸ்க்கில் வால் கோப்புகளாகச் சேரும், அதற்கு வரம்பு வைக்கும் ‘மேக்ஸ்_ஸ்லொட்_வால்_கீப்_சைஸ்’ அமைப்பு இயல்பில் வரம்பில்லாதது. டிஸ்க் நிறைந்தால் பிரதான சேர்வரே விழும். கல்முனையில் ஒரு கோட்டை அழித்தால் இன்னும் மோசம்: மட்டக்களப்பிலிருந்து வரும் அதன் அப்டேட் எரர் காட்டாமலே தவறிப் போகும்.

எனவே திருத்தும் ரோலிடமிருந்து கல்முனையில் இன்ஸர்ட், அப்டேட், டிலீட் மூன்றையும் ‘ரிவோக்’ பண்ணி செலக்ட் மட்டும் விடுங்க. அப்ளை வேர்க்கர் அந்த ரோலில் ஓடாது, ரெப்ளிகேஷன் பாதிக்கப்படாது.

உன்னிச்சை_வரைபடம்

அங்கே ஏற்கெனவே கொஞ்சம் கோடுகள் வைத்துவிட்டார்கள் நானா. அவற்றை என்ன செய்வது?

தரவுமேடை

உரிமையை எடுத்த பிறகு, இரண்டு சேர்வரின் வாய்க்காலையும் ஒரே கியூஜிஐஎஸ்ஸில் திறந்து எண் கொலத்தால் ஒப்பிடுங்க. கல்முனையில் மட்டும் இருப்பவற்றையும், இரண்டிலும் இருந்தும் வடிவம் அல்லது பெயர் வேறாக இருப்பவற்றையும் ஒரு ஜியோபேக்கேஜ் கோப்பில் சேமியுங்க. புதியவற்றைக் கல்முனை அட்டவணையிலிருந்து அழித்துவிட்டு, மட்டக்களப்பில் எண் இல்லாமல் ஒட்டுங்க, புது எண் விழட்டும். மாறியவற்றை மட்டக்களப்பில் திருத்தினால் கல்முனையும் தானாகச் சரியாகும்.

வேர்க்கர் ஏற்கெனவே நின்றிருந்தால் லொக்கில் மோதும் எண் இருக்கும். அந்த உள்ளூர் வரியைச் சேமித்து அழித்தாலே அது தொடர்ந்து ஓடும். ‘ஆல்டர் சப்ஸ்கிரிப்ஷன் … ஸ்கிப்’ போட வேண்டாம். மோதிய வரியை மட்டுமல்ல, அது இருந்த ட்ரான்ஸாக்ஷன் முழுவதையும் தள்ளிவிடும். ஒரே சேவில் பல கோடு மாற்றியிருந்தால் அத்தனையும் போகும்.

மடைக்கணக்கு

கல்முனையும் திருத்தத்தான் வேணும் என்றால், திருத்தும்போது மட்டக்களப்பு சேர்வரோடு நேரே இணையுங்க, பார்க்கப் பிரதியைப் பாவியுங்க. லைன் அதற்குத் தாங்காதென்றால் அட்டவணையைப் பிரியுங்க: மட்டக்களப்புப் பக்க வாய்க்கால் ஒன்று, கல்லோயா இடதுகரைப் பக்கம் இன்னொன்று. ஒவ்வொரு கந்தோரும் தன் அட்டவணையில் மட்டும் எழுதி அதை மட்டும் பப்ளிஷ் பண்ணட்டும். இரண்டையும் சேர்த்துக் காட்ட ஒரு வியூ போதும். 16இல் ‘ஒரிஜின்’ அமைப்பை ‘நன்’ என்று வைத்து ஒரே அட்டவணையை இரண்டு பக்கமும் ஓட்டலாம்தான். ஆனால் இரண்டு பேர் ஒரே வாய்க்காலைத் தொட்டால் யாருடையது நிற்கும் என்பதை அது தீர்த்துத் தராது.

எப்படி வைத்தாலும், புதுக் கொலம் சேர்க்கும்போது முதலில் வாங்குகிற பக்கத்தில் சேருங்க, பிறகு அனுப்புகிற பக்கத்தில்.