கப்பல் ஏறுமுன் கொவிட் சோதனை: மலையகத்திலிருந்து போனவர்களின் அனுபவங்கள்

ஹட்டனிலிருந்து, கப்பலில் ஹவுஸ்கீப்பிங் வேலை செய்பவர்

கொவிட் காலத்தில் உல்லாசக் கப்பலுக்குப் போனவர்கள் சோதனைகளை எப்படிச் சமாளித்தீர்கள் என்று தலவாக்கலைத் தம்பி ஒருவர் கேட்டிருந்தார். நான் 2021 டிசம்பரில் மயாமியில் ஏறினேன். என் கதையைச் சொல்கிறேன், மற்றவர்களும் எழுதுங்கள்.

மூக்கில் குச்சி விடுவதுதான் பெரிய விஷயம் என்று வீட்டில் எல்லாரும் பயந்தார்கள். அது அரை நிமிடம்கூட இல்லை. எங்களை அலைக்கழித்தவை நேரமும் பெயரும்தான். புறப்படுவதற்கு முன் 72 மணித்தியாலத்துக்குள் சோதனை என்றால், கொழும்பில் இருப்பவருக்கு அது முழுசாக மூன்று நாள். நமக்கு அதில் பெரும் பங்கு பாதையிலேயே போய்விடும். மழை பெய்து கினிகத்தேனைப் பக்கம் மண் சரிந்தால் மிச்சமும் போய்விடும்.

தடுப்பூசி போட்டவர்கள் அமெரிக்காவுக்குப் பறப்பதற்கு முன் 3 நாளுக்குள் எடுத்த சோதனை போதும் என்றுதான் அதுவரை இருந்தது. ஏஜென்சி அதை வைத்தே எங்களுக்குத் திட்டம் போட்டுக் கொடுத்தது. கண்டியில் மாதிரி கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து, அறிக்கை மின்னஞ்சலில் கிடைத்ததும் கட்டுநாயக்கவுக்கு இறங்கலாம் என்று இருந்தேன். நவம்பர் 26ஆம் திகதி உலக சுகாதார நிறுவனம் ஒமிக்ரோனை அறிவித்தது. டிசம்பர் 6இலிருந்து, தடுப்பூசி போட்டிருந்தாலும் சரி, புறப்படுவதற்கு 1 நாளுக்குள் எடுத்த சோதனை வேண்டும் என்று அமெரிக்கா மாற்றிவிட்டது. என் விமானம் அதற்கு அடுத்த வாரம். கண்டித் திட்டம் அதோடு முடிந்தது.

இந்த 1 நாளை 24 மணித்தியாலம் என்று எடுத்துக்கொண்டு நிறையப் பேர் தவித்தார்கள். உண்மையில் அது திகதிக் கணக்கு. வெள்ளிக்கிழமை இரவு விமானம் என்றால் வியாழக்கிழமை காலையில் கொடுத்த மாதிரியும் செல்லும். பீ.சீ.ஆர்தான் வேண்டும் என்றும் இல்லை, அன்டிஜனையும் ஏற்றார்கள். ஆனால் எங்கள் கப்பல் கம்பனி பீ.சீ.ஆர் கேட்டது. நாட்டின் சட்டம் ஒன்று, விமானக் கம்பனியின் நிபந்தனை ஒன்று, கப்பல் கம்பனியின் நிபந்தனை இன்னொன்று. மூன்றிலும் எது கடுமையோ அதைத்தான் நாம் பிடிக்க வேண்டியிருந்தது.

அதனால் நான் கொழும்புக்குப் பக்கத்தில், வத்தளையில் பெரியம்மா வீட்டில் போய்த் தங்கினேன். அங்கே தங்க இடமில்லாத பையன்களின் பாட்டைச் சொல்ல வேண்டும். எங்கள் பட்ச்சில் இருந்த பொகவந்தலாவைத் தம்பி, மாதிரி கொடுத்த பிறகு லொட்ஜில் அறை எடுத்து, கதவைத் திறக்காமல் பாணும் பிளேன்டீயுமாக உட்கார்ந்திருந்தான். வெளியே போய்த் தொற்றிக்கொண்டால் மயாமியில் போய் எடுக்கும் சோதனையில் மாட்டிவிடுவோம் என்ற பயம்.

காசையும் சொல்ல வேண்டும். தனியார் வைத்தியசாலைகளில் பீ.சீ.ஆருக்கு 6,500 ரூபாய், அன்டிஜனுக்கு 2,000 ரூபாய் என்று அரசாங்கம் 2021 ஆகஸ்டில் உச்ச விலை வைத்தது. தோட்டத்தில் நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆனதும் அதே வருடம்தான். அம்மா ஆறரை நாள் கொழுந்து எடுத்த காசு ஒரு குச்சிக்குப் போனது. ஏஜென்சி பிறகு திருப்பித் தந்தது உண்மைதான். ஆனால் முதலில் கையில் இருக்க வேண்டுமே. ரிப்போர்ட் தவறினால் இன்னொரு 6,500க்கும் வழி வைத்திருக்க வேண்டும். இதனாலேயே ஜொயினிங்கை, அதாவது கப்பலில் சேரும் நாளை, தள்ளிப் போட்டவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்குச் சோம்பேறிப் பட்டம் கட்டியவர்கள்மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது.

அடுத்து பெயர். என் கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் முழுசாக முன்னால், என் பெயர் பின்னால். அடையாள அட்டையிலும் தடுப்பூசி அட்டையிலும் வேறு மாதிரி. ஆய்வுகூடத்தில் அடையாள அட்டையைப் பார்த்து எழுதிவிட்டார்கள். அறிக்கையில் முதலெழுத்தும் என் பெயரும் மட்டும், கடவுச்சீட்டு இலக்கமே இல்லை. ஏஜென்சி அண்ணன் ஒருவர் எல்லாரையும் எழுத்தெழுத்தாக வாசிக்க வைத்தார், அதனால் அன்று மாலையே திருத்தி வாங்க முடிந்தது. விமான நிலையக் கவுண்டரில் அதைக் கண்டுபிடித்திருந்தால் அந்த இரவில் யாரைத் தேடுவது?

மயாமியில் இறங்கியதும் ஹோட்டலில் ஒரு சோதனை, கப்பல் ஏறும் அன்று ஒன்று, பிறகு தனிக் கெபினில் சில நாள். சாப்பாட்டைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டுப் போவார்கள். வேலை தொடங்கிய பிறகும் ஒழுங்காகச் சோதித்துக்கொண்டே இருந்தார்கள். எனக்கு அது தொல்லையாகத் தெரியவில்லை. 2020 பெப்ரவரியில் யொகொஹாமாவில் டயமண்ட் பிரின்ஸஸ் கப்பலை நிறுத்தி வைத்தபோது அதில் 3,700க்கு மேற்பட்டோர் இருந்தார்கள், 700க்கும் மேல் தொற்று. ஊழியர்கள் கடைசி வரை சேவை செய்துகொண்டே இருந்தார்கள், ஒரே கெபினில் சேர்ந்து தூங்கினார்கள். அதில் நம் நாட்டவரும் இருந்தார்கள். அந்தச் செய்தியைப் பார்த்த எங்கள் அம்மா நான் மறுபடி கப்பல் ஏறவே கூடாது என்று நின்றார். வாராவாரம் சோதிக்கிறார்கள் என்று போனில் சொன்ன பிறகுதான் அவருக்குத் தூக்கம் வந்தது.

பண்டாரவளையிலிருந்து, தம்பியை அனுப்பிய அக்கா

ஹட்டன் அண்ணா நெகட்டிவ் வந்தவர்கள் கதையைச் சொல்லிவிட்டார். பொசிட்டிவ் வந்தவரின் கதையை நான் சொல்கிறேன்.

என் தம்பி கப்பலில் கலி ஸ்டுவர்ட், சமையலறை உதவியாளர். 2022 ஜனவரி கடைசியில் தோட்டத்தில் பலருக்கும் காய்ச்சல், அவனுக்கும் வந்தது. பீ.எச்.ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து தோட்ட மருந்தகத்தில் வைத்து அன்டிஜன் பார்த்தார், பொசிட்டிவ். தனிமையில் இருந்து நன்றாகச் சுகமானான், மலை ஏறி இறங்கினான். மார்ச் தொடக்கத்தில் ஜொயினிங். முன்னெச்சரிக்கையாக ஒரு பீ.சீ.ஆர் எடுத்துப் பார்ப்போம் என்று எடுத்தோம். மறுபடி பொசிட்டிவ்!

வீடே இடிந்துபோனது. எங்கள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் இருந்த டொக்டர்தான் பொறுமையாக விளக்கினார். பீ.சீ.ஆர் வைரஸின் மரபணுத் துண்டைப் பல மடங்கு பெருக்கிப் பார்க்கிற சோதனை. நோய் மாறி, பிறருக்குத் தொற்றாத நிலைக்கு வந்த பிறகும் மிச்சத் துண்டுகள் வாரக்கணக்கில் கிடக்கலாம், அதையும் அது பிடித்துவிடும். அன்டிஜன் அப்படியில்லை, பெரும்பாலும் முன்னதாகவே நெகட்டிவ் ஆகிவிடும். இதற்காகவே அமெரிக்க விதியில் ஒரு வழி இருந்தது. கடந்த 90 நாளுக்குள் பொசிட்டிவ் வந்ததற்கான அறிக்கையும், குணமாகிப் பயணம் செய்யலாம் என்று வைத்தியர் தந்த கடிதமும் இருந்தால் நெகட்டிவ் அறிக்கை தேவையில்லை.

சரி, பொசிட்டிவ் அறிக்கை எங்கே? தோட்டத்தில் பார்த்த சோதனைக்கு ஒரு துண்டுச் சீட்டுத்தான் இருந்தது. பெயரும் திகதியும் பேனாவால் எழுதியது, வேறொன்றும் இல்லை. டவுனில் தனியார் ஆஸ்பத்திரியில் பார்த்தவருக்குக் கியூ.ஆர் போட்ட தாள், லயத்தில் பார்த்தவருக்குச் சீட்டு. நோய் ஒன்று, தாள் இரண்டு. இதைத்தான் என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. பதிவேட்டில் எங்கள் வீட்டு விபரம் இருந்தபடியால் பீ.எச்.ஐ தேடி எடுத்துத் தந்தார், டொக்டர் அதை வைத்து ஆங்கிலத்தில் கடிதம் எழுதினார். பணிமனைக் கடிதத்தாள், முகவரி, தொலைபேசி இலக்கம், கையொப்பம், திகதி எல்லாம் இருக்க வேண்டும் என்று கம்பனியின் மருத்துவப் பிரிவு சொல்லியிருந்தது.

அதை ஸ்கேன் பண்ணி அனுப்புவது அடுத்த போராட்டம். அந்த நாட்களில் மின்வெட்டு எப்படி இருந்தது என்று உங்களுக்கெல்லாம் தெரியும், மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனதே. கரண்ட் இருக்கும் நேரம் பார்த்து கொம்யூனிகேஷன் கடைக்கு ஓட வேண்டும், அப்புறம் சிக்னல் தேடி மேட்டுக்கு ஏற வேண்டும். கம்பனி கடிதத்தை ஏற்றது, தம்பி போய்ச் சேர்ந்தான். அந்த டொக்டர் அம்மாவையும் பீ.எச்.ஐ ஐயாவையும் எங்கள் வீட்டில் இன்றும் நினைக்கிறோம்.

கண்டியிலிருந்து, ஆய்வுகூடத்தில் வேலை செய்தவர்

அக்கா சொன்னது சரியான விளக்கம். அறிக்கையைப் பற்றி மட்டும் ஒன்று சேர்க்கிறேன். அதில் இரண்டு நேரம் இருக்கும்: மாதிரி எடுத்த நேரம், அறிக்கை வெளியான நேரம். பயண விதிகள் எண்ணுவது முதல் நேரத்தை. எங்களிடம் வந்தவர்களில் பலர் இரண்டாவதைப் பார்த்துக் கணக்குப் போட்டு, நிறைய நேரம் மிச்சம் என்று நிம்மதியாக இருந்தார்கள். சோதனையின் வகை, கடவுச்சீட்டு இலக்கம், பிறந்த திகதி மூன்றும் தாளில் இருக்க வேண்டும். வரிசை நீளமாக இருக்கும் காலையில் எழுதுபவருக்கும் களைப்பு, பெயர் தவறுவது அப்படித்தான். கடவுச்சீட்டின் பிரதியைக் கையில் கொடுத்தவர்களுக்கு அந்தப் பிரச்சினை குறைவு.

நுவரெலியாவிலிருந்து, ஓய்வுபெற்ற ஆசிரியை

நான் வேலைக்குப் போனவள் அல்ல, பயணியாகப் போனவள். மகள் டொரொண்டோவில். 2022 ஆகஸ்டில் வன்கூவரிலிருந்து அலாஸ்காவுக்குக் கப்பலில் அழைத்துப் போனாள். இவரும் நானும் வாழ்நாளில் கடல் பயணம் செய்ததில்லை.

இங்கிருந்து கிளம்பியது ஜூலைத் தொடக்கம். அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும் எரிபொருள் என்று அறிவித்திருந்த நாட்கள், வேன் கிடைக்கவில்லை. நானுஓயாவில் ரயில் ஏறிக் கொழும்புக்குப் போனோம். பெட்டிகளைத் தூக்கிவிட்ட பையன்கள் என் பழைய மாணவர்கள், "மிஸ், கவலைப்படாமல் போய்ட்டு வாங்க" என்றார்கள்.

எங்களுக்குப் போட்டது சினோபார்ம் தடுப்பூசி. அதைக் கனடா ஏற்குமா என்று மகள் மாதக்கணக்கில் கவலைப்பட்டாள். 2021 நவம்பர் 30இலிருந்து ஏற்கத் தொடங்கிவிட்டார்கள். சுகாதார அமைச்சின் டிஜிட்டல் சான்றிதழை முன்பே எடுத்து வைத்திருந்தோம், எல்லா இடத்திலும் அதைத்தான் பார்த்தார்கள்.

விமானத்தில் கனடாவுக்குள் போக அப்போது முன்சோதனை தேவைப்படவில்லை. ஆனால் கப்பலுக்கு வேண்டும் என்றார்கள். ஏறுவதற்கு 1 நாளுக்குள் அன்டிஜன், அல்லது 72 மணித்தியாலத்துக்குள் பீ.சீ.ஆர். வீட்டில் நாமே பார்த்துக்கொண்டு நெகட்டிவ் என்று சொன்னால் செல்லாது, பொறுப்பான ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மகள் வீடியோ வழியாக ஏற்பாடு செய்தாள். வன்கூவர் ஹோட்டல் மேசையில் மடிக்கணினியை வைத்து, திரையில் வந்த பெண்ணுக்கு முதலில் கடவுச்சீட்டைக் காட்டினோம், பிறகு பிரிக்காத பெட்டியை. இரண்டு நாசியிலும் சுழற்றுவதை அவர் எண்ணிக்கொண்டே பார்த்தார். கோடு தெரியும் வரை சோதனை அட்டையை கமராவின் பார்வையிலிருந்து எடுக்க விடவில்லை. இவருக்குக் கை நடுங்கும். அந்தப் பெண் அவசரப்படுத்தவே இல்லை. அந்தக் கால் மணி நேரம் பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளைப் போல இருவரும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம்.

ஒருவருக்குப் பொசிட்டிவ் வந்தால் மற்றவர் என்ன செய்வது என்று நாங்கள் முதல் நாளே பேசி முடிவெடுத்திருந்தோம்: இருவருமே போவதில்லை. வயதானவர்களை அழைத்துப் போகும் பிள்ளைகளுக்கு இதை நான் அழுத்திச் சொல்வேன், அந்தப் பேச்சைச் சோதனைக்கு முன்பே பேசிவிடுங்கள். முடிவு வந்த பிறகு பேசினால் கண்ணீரில்தான் போய் நிற்கும்.

துறைமுகத்தில் அந்த அறிக்கையையும் தடுப்பூசிச் சான்றிதழையும் ஒன்றாகக் கேட்டார்கள். அச்செடுத்த தாளை நீட்டினோம், சில நிமிடத்தில் முடிந்தது. போனில் மட்டும் வைத்திருந்த சிலர் வைஃபை தேடிக்கொண்டு ஓரமாக நின்றார்கள்.

ஹட்டனிலிருந்து, மறுபடியும்

மிஸ் சொன்ன அச்சுத் தாளை எங்கள் ஏஜென்சியும் கட்டாயமாக்கியிருந்தது. ஆளுக்கு மூன்று பிரதி.

தலவாக்கலைத் தம்பி, இப்போது உனக்கு இந்தச் சோதனை எதுவும் வராது. அமெரிக்கா விமானப் பயணிகளுக்கான சோதனையை 2022 ஜூன் 12இல் நீக்கியது, கப்பல்களுக்கான கொவிட் திட்டத்தை ஜூலை 18இல் முடித்தது. கனடாவில் கப்பல் ஏறும் சோதனை அந்த வருடம் ஒக்டோபர் 1இல் போனது. உனக்கு மிச்சம் இருப்பது கடலோடிகளுக்கான மெடிக்கல், விசா, போகும் பாதையைப் பொறுத்து மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. அந்த அட்டையிலும் கடவுச்சீட்டில் உள்ள பெயரைத்தான் பார்ப்பார்கள். நீ இன்னும் கடவுச்சீட்டு எடுக்கவில்லை என்று எழுதியிருந்தாய். விண்ணப்பிப்பதற்கு முன் பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் பார். மாறியிருந்தால் முதலில் பிரதேச செயலகத்துக்குப் போய் அதைச் சரிசெய். அந்த வேலைக்கு நாள் எடுக்கும், ஏஜென்சி கூப்பிடும் வரை காத்திருக்காதே.