முழுக் கவனம் கொடுப்பது அடிப்படையா, வசதி உள்ள இடத்துக்கு மட்டும் பொருந்தும் பேச்சா?

திருச்சி ஆலோசகர்:
கவுன்சலிங் படித்துவிட்டு வரும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, அடுத்து எந்தச் சான்றிதழ் படிப்பில் சேரலாம் என்பதுதான். எதிரே உட்கார்ந்திருப்பவரோடு முக்கால் மணி நேரம் மனம் சிதறாமல் இருக்க எப்படிப் பழகுவது என்று யாரும் கேட்பதில்லை. மருத்துவர், நர்ஸ், ஆலோசகர், சமூகப் பணியாளர் யாராக இருந்தாலும், வந்தவரிடம் முழுக் கவனத்தோடு இருப்பதே முதல் சிகிச்சை என்று நான் நம்புகிறேன். அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1957-ல் எழுதிய கட்டுரையில் ஆலோசகரிடம் மூன்று விஷயங்களை எதிர்பார்த்தார்: பாவனை இல்லாமல் இருப்பது, வந்தவரை நிபந்தனை இல்லாமல் ஏற்பது, அவர் உலகத்தை அவர் நிற்கும் இடத்திலிருந்து பார்ப்பது. இப்படியொரு உறவு அமைந்தால் மாற்றத்துக்கு அதுவே போதும் என்றுகூடச் சொன்னார். எந்த முறையில் சிகிச்சை கொடுத்தாலும், உறவு நன்றாக இருந்தால் பலனும் கூடுகிறது என்பது பிறகு வந்த ஆய்வுகளிலும் திரும்பத் திரும்பத் தெரிந்தது.

அரசு மருத்துவர்:
மேடம், முக்கால் மணி நேரம் என்று நீங்கள் எழுதியதிலேயே என் மறுப்பு இருக்கிறது. 67 நாடுகளின் தரவைத் தொகுத்து 2017-ல் பி.எம்.ஜே. ஓபன் என்ற மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. முதல்நிலை மருத்துவர் ஒரு நோயாளிக்குக் கொடுக்கும் சராசரி நேரம் ஸ்வீடனில் 22.5 நிமிடம், வங்கதேசத்தில் 48 விநாடி. இந்தியாவுக்குக் கிடைத்தது சுமார் இரண்டு நிமிடம். எங்கள் ஓ.பி.யில் அதுவே பெரிய விஷயம். ஒருவர் உட்காரும்போதே அடுத்தவர் அவர் தோள் மேல் சாய்ந்துகொண்டு சீட்டை நீட்டுவார். அந்த இடத்தில் காசநோயாளிக்கு மருந்து தவறாமல் போவதும், வயிற்றுப்போக்கில் வாடிய குழந்தைக்கு உடனே உப்புச் சர்க்கரைக் கரைசல் போவதும்தான் உயிரைக் காக்கும். உறவே போதும் என்ற பேச்சு எங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது. மருத்துவர் பணியிடம் நிரப்பாத பிரச்சினை, மருத்துவருக்கு மனசு இல்லாத பிரச்சினையாக மாறிவிடுகிறது.

வார்டு சிஸ்டர்:
டாக்டர், கூட்டத்தை நானும் தினமும் பார்க்கிறேன். இருந்தாலும் நேரத்தையும் கவனத்தையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். 1984-ல் அமெரிக்காவில் பெக்மன், பிராங்கல் இருவரும் நோயாளி பேச ஆரம்பித்து எவ்வளவு நேரத்தில் மருத்துவர் குறுக்கிடுகிறார் என்று பார்த்தார்கள். சராசரி 18 விநாடி. குறுக்கிடாமல் விட்டால் மணிக்கணக்கில் பேசுவார்களோ என்ற பயத்துக்கு 2002-ல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தில் பதில் கிடைத்தது. 335 நோயாளிகளைப் பேச விட்டுப் பார்த்தார்கள். தானாக நிறுத்திக்கொள்ள எடுத்தது சராசரியாக 92 விநாடிதான். பத்தில் எட்டுப் பேர் போல இரண்டு நிமிடத்துக்குள் முடித்துவிட்டார்கள்.

இன்னொன்று. 2012-ல் கேன்சஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் அறுவைசிகிச்சை முடிந்தவர்களைப் பார்க்கப் போன மருத்துவர் சிலரிடம் நின்றபடியும் சிலரிடம் உட்கார்ந்தும் பேசினார். உண்மையில் செலவான நேரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. உட்கார்ந்து பேசியபோதோ, அவர் கூடுதல் நேரம் இருந்ததாக நோயாளிகள் சொன்னார்கள்.

அரசு மருத்துவர்:
சிஸ்டர், பாசலில் பேசியது நோயாளி. நம் ஊரில் பேசுவது கூட வந்த மூன்று பேர். நோயாளி, அதுவும் வயதான பெண்ணாக இருந்தால், தலையைக் குனிந்துகொண்டு நிற்பார். உட்கார்ந்து பேசச் சொல்கிறீர்கள், பல வார்டுகளில் கட்டில் பக்கத்தில் ஒரு ஸ்டூல்கூட இருக்காது. இருப்பதில் அட்டெண்டர் உட்கார்ந்திருப்பார்.

தொலைபேசித் தன்னார்வலர்:
டாக்டரோடும் திருச்சி மேடத்தோடும் எனக்குக் கொஞ்சம் முரண்பாடு உண்டு. தற்கொலை எண்ணத்தோடு அழைப்பவர்களிடம் பேசும் உதவி எண்ணில் வேலை செய்கிறேன். சென்னையில் 1986 முதல் சிநேகா அமைப்பு தன்னார்வலர்களைக் கொண்டு இதைச் செய்கிறது. 2022 அக்டோபரிலிருந்து அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416 இருக்கிறது. எங்களுக்கு முகம் தெரியாது. அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். அப்போது வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரிய வேண்டும். எதையாவது சொல்லித் தேற்றிவிடலாம் என்ற அவசரம்தான் முதல் எதிரி.

ஆனால் திருச்சி மேடம் சொல்வதுபோல இருப்பது மட்டும் போதாது. 'செத்துப்போகலாம்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சிருக்கீங்களா? மருந்து பக்கத்துல இருக்கா?' என்று நேராகக் கேட்க வேண்டும். கேட்டால் எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற பயம் ஆதாரமில்லாதது. பூச்சிமருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் வீட்டில், அதை எடுத்து அப்புறப்படுத்த ஒருவரை வரவழைப்பதும் எங்கள் வேலைதான். அன்பாகக் கேட்டுக்கொண்டே இருந்து இதைக் கேட்காமல் விட்டால், அந்தக் கவனத்தை முழுக் கவனம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மனநல சமூகப் பணியாளர்:
எல்லோரும் கொடுப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். கொடுப்பவருக்கு என்ன ஆகிறது? உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக் 1981-ல், வேலையால் ஆள் தேய்ந்துபோகும் பர்ன்அவுட்டை அளக்கும் கேள்வித்தாளைக் கொண்டுவந்தபோது மூன்று கூறுகளைப் பிரித்தார்: மனம் வற்றிப்போவது, எதிரே இருப்பவரை ஆளாகப் பார்க்காமல் கேஸாகப் பார்ப்பது, நான் எதையும் சாதிக்கவில்லை என்ற எண்ணம். பாலியல் வன்முறைக்கு ஆளான குழந்தைகளோடு வேலை செய்யும் என் தோழிகள் இரவில் தூங்க முடியாமல் தவிக்கிறார்கள். அவர்களிடம் போய் இன்னும் முழுசாக இரு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தள்ளி நிற்பதுதான் அவர்களை இந்த வேலையில் வைத்திருக்கிறது.

திருச்சி ஆலோசகர்:
தம்பி, தோழிகளின் தவிப்பு எனக்குப் புரிகிறது. தள்ளி நிற்பது மருந்து என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. நீங்கள் சொன்ன இரண்டாவது கூறே அதுதானே! ஆளைக் கேஸாகப் பார்ப்பது நோயின் அறிகுறி என்றால் அதையே எப்படி மருந்தாகக் கொடுப்பது? டானியா சிங்கர், ஓல்கா கிளிமெக்கி செய்த மூளை ஆய்வுகளில், அடுத்தவர் வலியை அப்படியே தன் வலியாக வாங்கிக்கொள்வதும், அவர் நலத்தை விரும்பிக் கரிசனத்தோடு பார்ப்பதும் மூளையில் வேறு வேறு பகுதிகளில் நடப்பதாகத் தெரிந்தது. முதலாவது ஆளைச் சோர்வாக்குகிறது. இரண்டாவதைப் பயிற்சியால் வளர்க்க முடிந்தது. உங்கள் தோழிகளுக்கு வாரம் ஒருமுறையாவது சூப்பர்விஷன், அதாவது அனுபவமுள்ள ஒருவரோடு உட்கார்ந்து தங்கள் வேலையைப் பேசிப் பார்க்கும் நேரம், கிடைக்கிறதா? என் அனுபவத்தில் பல தொண்டு நிறுவனங்களில் அது பெயருக்குக்கூட இல்லை. அதைக் கேட்டுப் போராடுவோம்.

நோயாளியின் மகள்:
நான் இந்தத் துறை இல்லை. அம்மாவுக்குப் புற்றுநோய் முற்றியிருந்தபோது ஒரு தனியார் மருத்துவமனையில் வைத்திருந்தோம். ரவுண்ட்ஸ் வருபவர்கள் கட்டிலைத் தாண்டி என்னிடம்தான் பேசுவார்கள். வீட்டுக்கு அழைத்து வந்த பிறகு, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஒரு நர்ஸ் வந்தார். பாயில் உட்கார்ந்து, 'ராத்திரி எப்பம்மா வலிக்குது? படுத்தா கூடுதா, உக்காந்தா கூடுதா?' என்று அம்மாவையே கேட்டார். நான் பதில் சொல்லப் போனதும் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். மார்ஃபின் மாத்திரையின் வேகம் விடிகாலைக்கு முன்பே அடங்கிவிடுகிறது, அதற்குப் பிறகு தூங்குவதே இல்லை என்று அம்மா சொன்னார். எங்களை எழுப்ப வேண்டாம் என்று பொறுத்துக்கொண்டு இருந்திருக்கிறார். மருத்துவரிடம் கேட்டு இரவு டோஸை மாற்றினார்கள். அதன்பிறகு அம்மா தூங்கினார்.

அரசு மருத்துவர்:
அம்மா, அந்த நர்ஸ் செய்தது மிகச் சரியான வேலை. ஆனால் நான் அதை ஒழுங்காக நோய் விவரம் கேட்கும் திறமை என்பேன். வலியின் நேரம், எதில் கூடும், எதில் குறையும் என்று கேட்பது எங்கள் பாடத்தில் முதல் வருடங்களிலேயே இருக்கிறது.

வார்டு சிஸ்டர்:
பாடத்தில் இருக்கிறது டாக்டர். அந்த மருத்துவமனையில் ரவுண்ட்ஸ் வந்தவர்களும் அதே பாடத்தைப் படித்தவர்கள்தானே. அவர்களிடம் ஏன் அந்த அம்மா சொல்லவில்லை? மகளை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்து உட்கார்ந்ததால்தான் பதில் வந்தது.

அரசு மருத்துவர்:
சரி, மகளை நிறுத்தியதை ஒப்புக்கொள்கிறேன். எங்கள் ஓ.பி.யிலும் முதல் கேள்வியை நோயாளியிடமே கேட்கலாம், அதற்குக் கூடுதல் நேரம் வேண்டாம். ஆனால் அவர் பதில் சொல்லும்போது நான் கணினியில் பதிவு போட்டுக்கொண்டிருக்கிறேன். டேட்டா என்ட்ரிக்கு ஓர் ஆள், தோளில் சாய்பவர்களை வெளியே உட்காரவைக்க ஒரு டோக்கன் முறை, இந்த இரண்டையும் கேட்டு மனு கொடுத்தால் நீங்கள் எல்லோரும் கையெழுத்துப் போடுவீர்களா?

திருச்சி ஆலோசகர்:
போடுகிறேன். கூடவே ஒரு கோரிக்கையைச் சேருங்கள். 2019-ல் வந்த புதிய எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் ஏட்காம் என்று நோயாளியிடம் நடந்துகொள்ளும் முறைக்கே தனிப்பகுதி இருக்கிறது. அதை வகுப்பறையோடு முடிக்காமல், கட்டில் பக்கத்தில், சிஸ்டர் மாதிரி ஆட்களை வைத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

அரசு மருத்துவர்:
சேர்க்கிறேன். நர்ஸ் பாடம் நடத்துவதை எங்கள் துறைத் தலைவர்கள் ஏற்பார்களா என்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு. மனுவின் வரைவை ஞாயிறு இங்கே போடுகிறேன், திருத்தம் சொல்லுங்கள்.