வெல்க்ரோ வேட்டி ஆபீஸுக்கு ஆகாதா?

கொங்குநாடன்:
நேற்று 'பழைய மேனேஜர்' எழுதியதைப் படித்ததிலிருந்து ஆத்திரம் அடங்கவில்லை. பொங்கலுக்கு ஒரு நாள் வேட்டி கட்டலாமாம், திங்கட்கிழமை மீட்டிங்குக்குக் கட்டினால் அவிழ்ந்து மானம் போகுமாம். ஐயா, இப்போது இடுப்பில் வெல்க்ரோ, பக்கத்தில் போன் வைக்கப் பாக்கெட். ஆறு மாதமாக அதைக் கட்டித்தான் பைக் ஓட்டுகிறேன். ஒரு தடவைகூட அவிழ்ந்ததில்லை.

பழைய மேனேஜர்:
அது வேட்டியே இல்லை தம்பி. ஒட்டுவது எப்படி வேட்டி ஆகும்? நாலு துவைப்புக்கு அப்புறம் பஞ்சு ஏறிப் பிடிப்பு போய்விடும். என் மருமகன் கல்யாண வீட்டில் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

கொங்குநாடன்:
ஒட்டி வைத்துத் துவைத்தால் பஞ்சு ஏறாது. ஏறினாலும் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்தால் போச்சு. மருமகனுக்குச் சொல்லிக் கொடுங்கள். 2014இல் சென்னை கிரிக்கெட் கிளப்பில் உயர் நீதிமன்ற நீதிபதியையே வேட்டிக்காக உள்ளே விடவில்லை. அப்படித் தடுக்கக் கூடாது என்று அந்த வருடமே சட்டம் வந்தது. 2019 அரசாணைப்படி தலைமைச் செயலக ஊழியர்கள் வேட்டி கட்டலாம். கோட்டையில் ஆகும், நம் ஆபீஸில் ஆகாதா?

வக்கீல் தம்பி:
அந்தச் சட்டம் கிளப் மாதிரியான இடங்களுக்குள் நுழைவதைப் பற்றியது. கம்பெனி உடை விதியை அதோடு முடிச்சுப் போடாதீர்கள்.

கொங்குநாடன்:
மே மாத வெயிலில் கறுப்புக் கோட்டு மாட்டுகிறவர் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். ஜப்பானில் 2005இலேயே 'கூல் பிஸ்' என்று அரசாங்கமே டையைக் கழற்றச் சொன்னது. கோடையில் ஏசி 28 டிகிரி.

வக்கீல் தம்பி:
கீழ்க்கோர்ட்டில் கோடையில் கோட்டு கட்டாயமில்லை. தெரிந்துகொண்டு பேசுங்கள்.

மதுரை மல்லி:
அதே 2019 ஆணையில் சுடிதார் போட்டால் துப்பட்டா கட்டாயம். அது ஒருவர் கண்ணிலும் படவில்லையா? எங்கள் ஆபீஸிலும் அதே விதிதான். நாற்காலிச் சக்கரத்தில் சிக்கி இரண்டு துப்பட்டா கிழிந்திருக்கிறது. ஒரு தடவை கழுத்தை இழுத்தது.

கொங்குநாடன்:
அதற்குத் தனி விவாத இழை தொடங்குங்கள் அக்கா. இங்கே வேட்டி.

மதுரை மல்லி:
கேன்டீன் விவாதத்திலும் இதேதான் சொன்னீர்கள். மறக்கவில்லை. உங்கள் பாக்கெட்டுக்கு ஒரு நியாயம், எங்கள் கழுத்துக்கு ஒரு நியாயமா?

பழைய மேனேஜர்:
கேட்டதற்குப் பதில் வரவில்லை. ஒட்டுவது வேட்டியா?

கொங்குநாடன்:
வேட்டிதான். நாலு முழம், பருத்தி, பச்சைக் கரை. நாளைக் காலை மீட்டிங்குக்கும் அதைத்தான் கட்டி வருகிறேன்.

பழைய மேனேஜர்:
'ஒட்டி வருகிறேன்' என்று எழுதுங்கள்.